கரணம் தப்பாமலே வரும் காயம்

முதலில் இரண்டு எண்கள்: 9.22, 3.62. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பெண்களுக்கு 2009-10 முதல் 2013-14 வரையிலான ஐந்து கல்வியாண்டுகளில் ஏற்பட்ட காயங்களின் விகிதம் இவை. அதே பெண்கள், அதே ஆண்டுகள், அதே பதிவேடு. முதல் எண்ணில், அடிபட்டு அணியின் மருத்துவ உதவியாளரிடம் வந்து நின்ற எல்லாக் காயங்களும் அடக்கம். இரண்டாவதில், குறைந்தது ஒரு நாளாவது பயிற்சியை விட்டு உட்கார வைத்த காயங்கள் மட்டும். நடுவில் விடுபட்டுப் போனவை, அடிபட்ட பிறகும் மறுநாள் பயிற்சிக்கு வந்துவிட்ட பெண்களுடைய காயங்கள். கணக்குப் போட்டால் பத்தில் ஆறு.

இந்த விளையாட்டைப் பற்றிப் படித்தவற்றில் என்னை அதிகம் உறுத்துவது அந்த ஆறுதான். கீழே விழுந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும் காட்சியை எல்லோரும் பார்க்கிறார்கள். கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுநாளும் அதே கரணத்தைப் போடும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. நீண்டகாலம் பதிவேடும் பார்க்கவில்லை.

இந்த எண்களைப் படிக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீராங்கனை ஒரு பயிற்சியிலோ ஒரு போட்டியிலோ கலந்துகொண்டால் அது ஒரு பங்கேற்பு. அப்படி ஆயிரம் பங்கேற்புகளுக்கு எத்தனை காயம் என்பதுதான் விகிதம். 15 பேர் கொண்ட ஓர் அணி வாரத்துக்கு 5 நாள் பயிற்சி செய்தால் 75 பங்கேற்புகள். ஆயிரத்தை எட்ட 13 வாரம், அதாவது சுமார் மூன்று மாதம் ஆகும். எனவே 9.22 என்றால், 15 பேர் இருக்கும் கூடத்தில் மூன்று மாதத்துக்கு 9 காயம். ஒருவருக்கே இரண்டு வரலாம், இன்னொருவர் தப்பிக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் ஆறாத காயத்தோடு யாருமே இல்லாத வாரம் அரிது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இந்தக் காயப் பதிவேட்டை 1982-இல் தொடங்கியது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கான அதன் முதல் தேசியப் போட்டி நடந்ததும் அதே ஆண்டில்தான். 1988-89 முதல் 2003-04 வரையிலான 16 ஆண்டுத் தரவுகளைத் தொகுத்து 2007-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் போட்டியில் ஆயிரம் பங்கேற்புக்கு 15.19 காயம், பயிற்சியில் 6.07. பிறகு வந்த ஐந்தாண்டு ஆய்வில் போட்டியில் 14.49, பயிற்சியில் 8.69. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, பயிற்சியில் காயம் கூடிவிட்டது என்று ஒருவர் எழுதினால் அது தவறு. பழைய கணக்கில், ஒரு நாளாவது விலக வைத்தால்தான் அது காயம். புதிய கணக்கில் மருத்துவ உதவியாளர் கவனித்த எல்லாமே காயம். பழைய அளவுகோலாலேயே அளந்தால் புதிய விகிதம் 3.62, அதாவது முன்பைவிடக் குறைவு. மாறியது எண்ணும் முறை. அந்த முறை மாறியதால்தான் பத்தில் ஆறு நம் கண்ணில் பட்டது.

இன்னொரு குழப்பமும் இதே எண்களில் இருக்கிறது. போட்டியில் விகிதம் கூடுதல் என்பதால், காயம் போட்டியில்தான் அதிகம் என்று தோன்றும். ஒரு பருவத்தில் 12 பேர், 12 போட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். 144 பங்கேற்புகள். 14.49 விகிதத்தில் இரண்டு காயம். அதே அணியின் 15 பேர் 30 வாரம் பயிற்சி செய்தால் 2,250 பங்கேற்புகள். 8.69 விகிதத்தில் ஏறக்குறைய 20 காயம். ஒவ்வொரு முறைக்கும் ஆபத்து அதிகம் போட்டியில், எண்ணிக்கை அதிகம் பயிற்சிக் கூடத்தில். விளக்கொளியும் கேமராவும் இல்லாத இடத்தில்.

அந்த விகிதமும் போட்டியின் ஆபத்தை முழுதாகக் காட்டுவதில்லை. மூன்று நான்கு மணி நேரப் பயிற்சியும் ஒரு பங்கேற்புதான், ஃப்ளோர் எனப்படும் தரை விரிப்பில் ஒன்றரை நிமிடம் ஆடிவிட்டு வருவதும் ஒரு பங்கேற்புதான். நிமிடக் கணக்கில் பார்த்தால் போட்டியின் ஆபத்து இன்னும் பல மடங்கு. காரணமும் தெளிவு. பயிற்சியில் நுரைப்பஞ்சுக் குழி உண்டு, கூடுதல் மெத்தை உண்டு, பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். போட்டியில் முழு ஆட்டத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசிக் கரணம் வரும்போது கால் தளர்ந்திருக்கும். தரையிறங்கியதும் ஓர் அடி நகர்ந்தால்கூட 0.05 அல்லது 0.1 புள்ளி போய்விடும். ஒரு கருவிக்கு (ஃப்ளோர், கம்பி போன்ற ஒவ்வொன்றுக்கும்) ஆறு பேர் ஆடி ஐந்து பேரின் புள்ளியைக் கூட்டும் ஆட்டத்தில் அந்த 0.05 அணியின் வெற்றியையே மாற்றிவிடும். அதனால் உடம்பு இயல்பாக எடுத்துவைக்க நினைக்கும் அந்த ஓர் அடியை அடக்கிக்கொண்டு, ஆணி அடித்ததுபோல் நிற்கிறார்கள். விசை முழுவதும் அந்த மூட்டுகளுக்குள்ளேயே போய்ச் சேருகிறது.

அந்த விசை எவ்வளவு என்பதை ஒரு முறை கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஃப்ளோரின் மூலையிலிருந்து ஒருவர் ஓடிவருகிறார். கைகளை ஊன்றித் திரும்புகிறார், பின்பக்கமாக ஒரு கரணம், பிறகு இரு பாதங்களாலும் தரையை ஒரே அடி. அந்த அடி நீடிப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஓடிவந்த வேகம் முழுவதும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். காற்றில் இரண்டு சுற்று. இறங்கும்போது கால்கள் வாங்கும் விசை, இப்படிப்பட்ட இரட்டைக் கரணங்களில் அளந்து பார்த்தபோது, உடல் எடையைப்போல் சுமார் 9 முதல் 14 மடங்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 495 முதல் 770 கிலோவின் அழுத்தம். ஃப்ளோருக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது, மேலே நுரைப்பஞ்சும் கம்பளமும் இருக்கின்றன. இருந்தும் இவ்வளவு.

சுற்று கொஞ்சம் குறைந்துபோனால் மார்பு தாழ்ந்து, உடல் முன்னே சாய்ந்து, பாதம் மேல்நோக்கி மடங்கிய நிலையில் இறங்குகிறது. கணுக்காலின் முன்பக்கத்தில் எலும்பும் எலும்பும் இடிக்கும். முறுக்கு முடியாமல் பாதம் தரையைத் தொட்டுவிட்டால், பாதம் மெத்தையில் பிடித்துக்கொள்ள, மேல் உடம்பு இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். 16 ஆண்டு ஆய்வில் முழங்காலின் உள்ளமைப்பு சேதமடையும் வாய்ப்பு பயிற்சியைவிடப் போட்டியில் ஏறக்குறைய 6 மடங்கு, கணுக்கால் சுளுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு. போட்டிக் காயங்களில் 69 சதவீதம் இடுப்புக்குக் கீழே. பயிற்சியில் அது 53 சதவீதம். ஐந்தாண்டு ஆய்வில் ஏதாவது ஒரு கருவியில் இருந்தபோது ஏற்பட்ட காயங்களில் 41.9 சதவீதம் ஃப்ளோரில், 28.2 சதவீதம் உயரம் மாறிய இரண்டு கம்பிகளில். 10 செ.மீ. அகலமே உள்ள பீம் என்ற உயரக் கட்டையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆபத்து அதிகமாக இருப்பது அகலமான, மெத்தென்ற, பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும் ஃப்ளோரில்.

கரணம் தப்பினால் மரணம் என்று நம் மொழியில் ஒரு சொல் உண்டு. இந்த விளையாட்டுக்கு அது பாதி உண்மைதான். இங்கே கரணம் தப்பாதவர்களுக்கும் காயம் வருகிறது. சரியாக எழும்பி, சரியாகச் சுற்றி, சரியாக இறங்கி, அதையே பத்துப் பன்னிரண்டு வருடம் செய்ததால் வருகிறது. அக்கிலிஸ் தசைநாண் இதற்கு நேரடி உதாரணம். குதிகாலையும் கெண்டைச் சதையையும் இணைக்கும் இந்தத் தடித்த நாண், பலருக்கு அறுவது இறங்கும்போது அல்ல, எழும்பும்போது. அறுந்த கணத்தில் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்தது என்று சொல்வார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஒப்பிட்ட ஆய்வில் அக்கிலிஸ் காய விகிதம் எல்லாவற்றையும்விடப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில்தான் அதிகம். அடுத்த இடத்தில் இருக்கும் ஆண்கள் கூடைப்பந்து வெகு தூரம் பின்னால்.

முழங்காலின் ஏசிஎல் தசைநாரும் அப்படியே. 1988-89 முதல் 2003-04 வரை 15 விளையாட்டுகளை ஒப்பிட்டதில், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆயிரம் பங்கேற்புக்கு 0.33 ஏசிஎல் காயம். ஆளை ஆள் மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்தின் வசந்தகாலப் பயிற்சியில்தான் அதே அளவு. 0.33 சின்ன எண்ணாகத் தெரியும். மேலே சொன்ன 15 பேர் அணிக்கு, 2,250 பயிற்சிப் பங்கேற்புகளை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். நான்கு ஆண்டில் மூன்று. ஒரு பெண் முதலாம் ஆண்டு சேர்ந்து பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுவதற்குள் தன் தோழிகளில் மூன்று பேரின் முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பார்த்திருப்பாள், அல்லது அந்த மூவரில் ஒருத்தியாக இருப்பாள்.

2019 ஏப்ரல் 5 அன்று பேட்டன் ரூஜில் நடந்த மண்டலப் போட்டியில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சமந்தா செரியோ ஃப்ளோரில் முதல் கரணத்தை முடித்து இறங்கினார். இரண்டு முழங்கால்களும் மூட்டு விலகின, தசைநார்கள் கிழிந்தன. விமான, விண்வெளிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவி அவர். 18 ஆண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வாழ்க்கை அந்த இரவோடு முடிந்ததாக அவரே அறிவித்தார். அந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவியது. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள், என் வலி உங்கள் பொழுதுபோக்கு அல்ல என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்து, அந்தக் காட்சியை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று உலகெங்கும் பலர் கண்ணில் பட்டது இந்த விளையாட்டின் மிக அரிதான காயம். ஐந்தாண்டு ஆய்வில் அதிகம் காயப்பட்ட இடங்கள் கணுக்கால் (17.9 சதவீதம்), கீழ்க்காலும் அக்கிலிஸும் (13.6), உடற்பகுதி (13.4), பாதம் (12.4). மூன்று வாரத்துக்கு மேல் உட்கார வைத்தவை எட்டில் ஒன்றுதான். மற்றவை சிறு சுளுக்கு, தசைப்பிடிப்பு, தீராத முதுகு வலி என்று யாரும் வீடியோ எடுக்காத காயங்கள்.

அந்த முதுகு வலி கல்லூரியில் தொடங்கியதாகவும் பெரும்பாலும் இருக்காது. இந்தப் பெண்கள் ஐந்து ஆறு வயதிலேயே கூடத்துக்கு வந்தவர்கள். முதுகெலும்பைப் பின்னோக்கி வளைத்து வளைத்து, கீழ் முதுகின் எலும்பு வளையத்தில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு. 1976-இல் இளம் ஜிம்னாஸ்டுகள் 100 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில் 11 பேருக்கு அது இருந்தது. பொதுவான பெண்களிடம் இருப்பதைப்போல் இது நான்கு மடங்குக்கும் மேல். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியின் கேட்டலின் ஒஹாஷியை 2019 ஜனவரியில் 10-க்கு 10 வாங்கிய ஃப்ளோர் ஆட்டத்தால் உலகம் அறிந்தது. 2013-இல் அமெரிக்கன் கோப்பையில், பின்னாளில் ஒலிம்பிக் சாம்பியனான சிமோன் பைல்ஸை வென்ற சிறுமி அவர். பிறகு முதுகும் தோளும் பழுதாகி, சர்வதேசப் போட்டிப் பாதையை விட்டு விலகி, கல்லூரிக்கு வந்தவர். கல்லூரி அணிகளில் இப்படிப் பழைய காயங்களோடு வந்தவர்கள் நிறைய. புதுக் காயம் என்று பதிவேட்டில் ஏறுவதில் எத்தனை, பத்து வயதுக் காயத்தின் தொடர்ச்சி என்பதை விகிதம் சொல்லாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் ஒலிம்பிக் பாதையைவிடச் சில வகையில் மென்மையானது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்று பருவகாலப் பயிற்சிக்கு வரம்பு உண்டு. சர்வதேசக் கூட்டமைப்பு 2006-இல் கைவிட்ட, அதிகபட்சம் 10 என்ற புள்ளி முறையைக் கல்லூரிகள் வைத்துக்கொண்டன. அதனால் உச்ச மதிப்புக்குத் தேவையானதைவிடக் கடினமான கரணத்தைச் சேர்ப்பதில் லாபமில்லை. செய்ய முடிந்ததைவிட எளிமையான ஆட்டத்தைப் பிசிறில்லாமல் செய்தால் போதும். ஆனால் அந்த மென்மையை அட்டவணை திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் போட்டி. சுளுக்கிய கணுக்கால் ஆறுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக முக்கியமான எண், விகிதங்களில் எதுவும் இல்லை. 1993-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் இருக்கிறது. முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்றைச் சேர்ந்த 37 பெண்கள் ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு பயிற்சி நாளும் தங்கள் உடம்பில் எங்கே வலி என்று தாங்களே குறித்து வைத்தார்கள். மருத்துவர் எழுதவில்லை, பயிற்சியாளர் எழுதவில்லை. புதுக் காயம் வந்தது 9 சதவீத நாட்களில். ஏற்கெனவே இருக்கும் காயத்தோடு பயிற்சி செய்தது 71 சதவீத நாட்களில். பத்து நாளில் ஏழு நாள். காயம் என்பது இவர்களுக்கு எப்போதாவது நடக்கும் விபத்து அல்ல, கூடவே இருந்து வருவது. அதிலும் அதிகம், திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்கள். கம்பியில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வருவதைக் காயம் என்றே எந்த ஜிம்னாஸ்டும் சொல்வதில்லை. அதற்கு மேலே சுண்ணாம்புப் பொடி போலிருக்கும் மக்னீசியப் பொடியைப் பூசிக்கொண்டு மறுபடி ஏறுகிறார்கள்.

ஏன் சொல்வதில்லை? அணியில் 15 பேர், ஒரு கருவிக்கு இடம் ஆறு. உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு ஆள் தயார். படிப்புக்கான உதவித்தொகை இந்த ஆட்டத்தோடு கட்டுண்டிருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் வலியைச் சொல்லாமலிருக்கும் பழக்கம் கல்லூரிக்கு முன்பே ஊட்டப்பட்டது என்றே நினைக்கிறேன். அழாத சிறுமிக்குத்தான் அந்தக் கூடங்களில் பாராட்டு.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் எழுத வேண்டியிருக்கிறது. மேலே நான் மேற்கோள் காட்டிய 2007-ஆம் ஆண்டின் ஆய்வை எழுதிய ஐவரில் ஒருவர் லாரி நாசர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் தேசிய அணியிலும் மருத்துவராக இருந்து, சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆய்வின் எண்கள் பல கல்லூரிகளின் மருத்துவ உதவியாளர்கள் பதிவு செய்தவை, அவை அவரால் கெட்டுவிடவில்லை. ஆனால் காயப் பதிவேடு முழுவதும் ஒரு பெண் சிகிச்சை அறைக்குப் போய், எனக்கு இங்கே வலிக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்வதன்மீது நிற்கிறது. அந்த அறையே அச்சத்தின் இடமாக இருந்திருந்தால், போகாமலே இருந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கணுக்கால் எந்த விகிதத்திலும் இல்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதுமான அளவு சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் தடுமாறும், எலும்பு வலுவிழக்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்ற உண்மை. ஜிம்னாஸ்டுகளிடம் ஒரு விநோதம் உண்டு. 1995-இல் வந்த ஆய்வில் கல்லூரி ஜிம்னாஸ்டுகளையும் ஓட்ட வீராங்கனைகளையும் ஒப்பிட்டார்கள். மாதவிடாய்க் கோளாறு இரு பக்கமும் ஒரே அளவு. ஆனால் ஜிம்னாஸ்டுகளின் எலும்பு அடர்த்தி கூடுதல். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வாங்கும் அந்த அடி எலும்பை வளர்க்கவும் செய்கிறது. இதைக் காட்டி, சாப்பாடு குறைந்தாலும் இவர்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது வாதாடினால் நம்பக் கூடாது. எலும்பு தாங்கலாம், தசைநாணும் தசைநாரும் ஆறுவதற்கு வேண்டிய சத்து எங்கிருந்து வரும்?

பெண்கள் என்பதால்தான் இவ்வளவு காயம் என்ற பேச்சும் நிற்காது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஆண், பெண் அணிகளைப் பத்து ஆண்டு கவனித்ததில் பெண்களுக்கு 9.37, ஆண்களுக்கு 8.78. ஏறக்குறைய சமம். ஆண்கள் வளையத்திலும், கைப்பிடி வைத்த பாமெல் குதிரை என்ற கருவியிலும் கைகளால் தாங்குகிறார்கள், அவர்களுக்குக் கையும் மணிக்கட்டும் போகின்றன. பெண்களுக்குக் கால். எந்த மூட்டைக் கேட்கிறார்களோ அந்த மூட்டு விலை கொடுக்கிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு 2007 ஆய்வே சில பதில்களைச் சொன்னது. ஒரு முறை கணுக்கால் சுளுக்கியவர்கள் அதன் பிறகு எப்போதும் பட்டையோ டேப்போ அணிந்தே ஆட வேண்டும். போட்டிப் பருவத்துக்கு முந்தைய மாதங்களில் இறங்கும் முறைக்கும் நடு உடம்பின் வலுவுக்கும் தனிப் பயிற்சி தர வேண்டும். இறங்கும் மெத்தைகளைத் தயாரிப்பவர்கள் விசையை இன்னும் நன்றாக உள்வாங்கும்படி அவற்றை மாற்றி வடிவமைக்க வேண்டும். மூன்றும் செய்யக்கூடியவை. ஆட்களைத் திரட்டிப் பெரிய ஆய்வுகள் நடத்துவதுதான் கடினம், அணிகளே குறைந்துகொண்டு வந்தன. 1988-89-இல் 112 கல்லூரிகளில் பெண்கள் அணி இருந்தது, 2003-04-இல் 86.

நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். பயிற்சி நேரத்தை மணியில் எண்ணுவதைவிட, கடினத் தரையில் இறங்கிய எண்ணிக்கையை எண்ண வேண்டும். 20 மணி நேர வரம்புக்குள்ளேயே ஒருவர் நூறு முறையும் இறங்கலாம், ஐந்நூறு முறையும் இறங்கலாம். விதியின் பார்வையில் இரண்டும் ஒன்று. முழங்காலுக்கு ஒன்றல்ல. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், 37 பெண்கள் செய்ததுபோல், இன்று எங்கே வலிக்கிறது என்று வீராங்கனை தன் கையால் எழுத ஒரு கட்டம் வேண்டும். அதில் எழுதியதற்காக யாருடைய இடமும் அந்த வாரப் பட்டியலிலிருந்து போகாது என்பதை, எழுதும் பெண் நம்பும்படி பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.